பழைய பொம்மையைத் திருத்துவது: முதன்முதலாக ஊசி எடுப்பவர்களுக்கு

திருத்தச் சொல்லிப் பொம்மை கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலானோர் பெரியவர்கள். "மகளுக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். பையை அவிழ்த்து அதைக் கையில் எடுக்கும் விதத்திலேயே அது யாருடையது என்று தெரிந்துவிடும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அலுமாரிகளில் கிடக்கிற பொம்மைகளைப் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடக்கலாம். அம்மம்மாவோ மூத்தம்மாவோ பழைய சேலையில் தைத்து இலவம்பஞ்சு அடைத்துக் கொடுத்தவை ஒரு வகை. குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போன தாய் பெட்டியில் போட்டு அனுப்பிய, கண் மூடித் திறக்கிற பிளாஸ்டிக் பொம்மைகள் இன்னொரு வகை. அப்புறம், கோயில் திருவிழாக் கடையிலோ கல்முனைச் சந்தையிலோ வாங்கிய பஞ்சுக் கரடிகள். மூன்றுக்கும் வேலை வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாக்க வேண்டும் என்ற ஆசையோடு ஊசியை எடுக்காதீர்கள். புதுப் பொம்மை வேண்டுமென்றால் கடையில் வாங்கலாம். உங்களிடம் வந்திருப்பது ஒருவர் பல வருடம் கட்டிப்பிடித்துத் தூங்கிய பொம்மை. அது இன்னும் கிழியாமல் நின்றால் போதும்.

ஊசிக்கு முன் கேள்வி

கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, திருத்திய பிறகு இது எங்கே இருக்கப்போகிறது? கண்ணாடி அலுமாரியில் உட்காரப் போகிற பொம்மைக்கும், இரண்டு வயதுப் பிள்ளை வாயில் வைக்கப்போகிற பொம்மைக்கும் செய்யும் வேலை ஒன்றல்ல. இரண்டாவது, எதை மாற்றக்கூடாது? இதற்கு வருகிற பதில்கள் சில சமயம் ஆச்சரியமாக இருக்கும். "அக்கா, மூக்க மட்டும் மாத்திப் போடாதீங்க" என்பார்கள். அந்த மூக்கு தேய்ந்து தட்டையாகி நூல் பிரிந்து கிடக்கும். அவர்களுக்கு அந்தத் தட்டை மூக்குத்தான் பொம்மை. சிலருக்கு ஒரு கையில் இருக்கிற பொருந்தாத ஒட்டு முக்கியம், ஏனென்றால் அதைத் தைத்தவர் இப்போது இல்லை. பொம்மை உங்களுடையதே என்றாலும் இந்தக் கேள்வியை உங்களையே கேட்டுப் பதிலைத் தாளில் எழுதி வையுங்கள். வேலை சூடு பிடித்ததும் கை எல்லாவற்றையும் சரிசெய்யத்தான் துடிக்கும்.

அடுத்தது படம். கைபேசியில் முன், பின், இரு பக்கம், தலையின் உச்சி, ஒவ்வொரு தையல் ஓரம் என்று நல்ல வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து எடுத்தால் பிறகு அளவு தேட வேண்டியதில்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே எவ்வளவு தூரம், வாய் எந்தப் பக்கம் சற்று ஏறியிருக்கிறது என்பதெல்லாம் பிரித்த பிறகு ஞாபகத்தில் நிற்காது. கழற்றுகிற எதையும் எறியவேண்டாம். பழைய நூல், உடைந்த பொத்தான், ஒரு பிடி பழைய பஞ்சு எல்லாவற்றையும் ஒரு சிறு துணிப் பையில் போட்டு வையுங்கள்.

எதனால் செய்தது?

பொருள் தெரியாமல் தண்ணீரில் போடுவதால்தான் பாதிப் பொம்மைகள் கெடுகின்றன.

துணிப் பொம்மை என்றால் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். அமுக்கிய இடம் வழவழப்பாகக் குழிந்து அப்படியே நின்றால் இலவம்பஞ்சு. கையை எடுத்ததும் துள்ளி எழுந்தால் பொலியெஸ்டர் பஞ்சு. நறநறவென்று உதிர்ந்தால் பழைய ஸ்பொஞ்ச். அது ஒருமுறை உதிரத் தொடங்கினால் மீளாது, முழுவதையும் மாற்ற வேண்டும். கட்டிகட்டியாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் உள்ளே வெட்டுத் துணி இருக்கும்.

பிளாஸ்டிக்கில், அமுக்கினால் வளைகிற மென்மையான தலையும் கைகளும் பெரும்பாலும் வைனில். தட்டினால் டக்கென்று கேட்டு வளையாமல் இருப்பது கடினப் பிளாஸ்டிக். மிகப் பழைய, முட்டை ஓடு மாதிரி மெல்லியதாக, பாரமே இல்லாத பொம்மை ஒன்று தாத்தா காலத்துப் பெட்டியிலிருந்து வந்தால் கவனம்: அது செலுலொயிட் ஆக இருக்கலாம். விரலால் உரசிச் சூடாக்கினால் கற்பூர வாசம் வரும். அது மிக வேகமாகத் தீப்பற்றும். சூடான ஊசி, விளக்கு, ஹெயார் ட்ரையர் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூச்சி, பூஞ்சணம், உப்பு

எங்கள் பகுதிக் காலநிலையை மனதில் வைத்தே நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கழுவுகிற வேலை எல்லாவற்றையும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காய்ந்த சூட்டில் தடித்த துணியும் ஈரம் விட்டுக் காயும். கார்த்திகை, மார்கழி மாரியில் பொம்மையைக் கழுவினால் வெளித்துணி காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் கை ஓயாது என்றால் தையல், உடுப்பு வேலைகளைச் செய்யலாம்; அவற்றுக்குத் தண்ணீர் தேவையில்லை.

பொம்மையில் சிறு துளைகள், மாவு போன்ற தூள், வலை போன்ற நூல் தெரிந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. மருந்து அடிக்க வேண்டாம். நன்றாக உலர்ந்த பொம்மையை பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுக ஒட்டி, ஃபிரிட்ஜின் உறைபெட்டிக்குள் இரண்டு வாரம் வையுங்கள். இடையில் கரன்ட் நீண்ட நேரம் போய் எல்லாம் உருகியிருந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. ஒரு முழு நாள் அப்படியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கலாம். அவசரப்பட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த பொம்மையில் தண்ணீராகப் படியும். வீட்டில் மீனும் இறைச்சியும் வைக்கிற பெட்டிதானே என்று யோசிப்பவர்கள் பைக்கு மேல் இன்னொரு பை போடுங்கள். உள்ளிருந்து வாசம் வெளியே போவதைவிட, மீன் வாசம் பொம்மைக்குள் போவதுதான் ஆபத்து! பிளாஸ்டிக் பொம்மைக்கு இந்த வேலை வேண்டாம். கடும் குளிரில் பழைய பிளாஸ்டிக் வெடிக்கலாம்.

உறைபெட்டி பூச்சியைக் கொல்லும், பூஞ்சணத்தை ஒழிக்காது. பூஞ்சணம் என்றால் பொம்மையை வீட்டுக்கு வெளியே, காற்று உங்களை விட்டு விலகிப் போகும் திசையில் வைத்து, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் அது துணிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். முதலில் உலரட்டும், பிறகு தட்டுங்கள், அதற்குப் பிறகுதான் கழுவலாம்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து போன பிறகு, கல்லடி, நாவலடி தொடக்கம் பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் வரை சேற்றுக்குள்ளிருந்து எடுத்த பொருள்களை இன்றும் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பொம்மை உங்களிடம் வந்தால், பார்ப்பதற்குக் காய்ந்திருந்தாலும் தொட்டால் ஈரமாக இருப்பதுபோலத் தோன்றும். அதற்குக் காரணம் உப்பு. துணிக்குள் நிற்கிற உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், நூலை உக்க வைக்கும். அதனால் மேலே தூசி தட்டினால் மட்டும் போதாது. உரியவர் சம்மதித்தால் உப்பை வெளியேற்ற வேண்டும். பஞ்சை எடுத்துவிட்டு, துணியை நல்ல தண்ணீரில் முழுவதும் அமிழ்த்தி அரை மணி நேரம் வைத்து, தண்ணீரை மாற்றுங்கள். திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள். உப்புப் போய்விட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: கறுப்புத் தட்டு ஒன்றில் வெறும் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும், அலசிய தண்ணீர் ஒரு சொட்டும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுக் காயவிடுங்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீரும் ஓரளவு வெள்ளைப் படிவு விடும். அலசிய சொட்டின் படிவு அதைவிடத் தடிப்பாக இருந்தால் இன்னும் அலச வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் வந்தால் நிறுத்தலாம். உங்கள் கிணறு உவர் என்றால் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேற்றுக் கறையே வேண்டும், அதை எடுக்காதீர்கள் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அப்படியென்றால் கழுவவேண்டாம். காற்றோட்டமாகவும் உலர்வாகவும் வைக்கும் வழியை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

கழுவுதல்

துணிப் பொம்மையை முழுதாக வாளிக்குள் போடாதீர்கள். இலவம்பஞ்சு மேலே மெழுகுப் பூச்சுள்ள நார். தண்ணீரை எளிதில் ஏற்காமல் மிதக்கும் என்பதால்தான் ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதை அடைத்தார்கள். ஆனால் சவர்க்காரத் தண்ணீரில் நனைந்து உருண்டுவிட்டால் கட்டிகட்டியாகி, நடுவில் காயவே காயாது. ஆகவே முதலில் முதுகுத் தையலைப் பிரியுங்கள். பொம்மை தைப்பவர்கள் பஞ்சு அடைத்துக் கடைசியாக மூடிய இடம் பெரும்பாலும் முதுகிலோ இடுப்பின் ஓரத்திலோ இருக்கும். அங்கே தையல் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் தெரியும். அதையே திறவுங்கள், புது வாசல் வெட்டவேண்டாம்.

சாயம் போகுமா என்று பார்க்க, நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மீதும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தத் துணி தண்ணீருக்கு ஆகாது. உலர்ந்த தூரிகையோடு விட்டுவிடுங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் ஒரு மாமி சொல்லுவார். கழன்றுகொண்டிருக்கிற பருத்திச் சாயத்தை அது பிடித்து வைப்பதில்லை. மாமியோடு வாதாட வேண்டாம், செய்யாமல் விட்டால் போதும்.

சாயம் நிற்கிறது என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் குழந்தை ஷம்பூ கலந்து, துணியை அதில் அமிழ்த்தி உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி அமுக்கி விடுங்கள். தேய்க்கவும் முறுக்கவும் கூடாது. சவர்க்காரத் தூளும் வெளுக்கிற திரவமும் பழைய பருத்தியைத் தின்றுவிடும். நுரை முழுவதும் போகும்வரை அலசி, துவாயின் மேல் விரித்துச் சுருட்டி ஈரத்தை உறிஞ்ச வையுங்கள். பிறகு நிழலில், தட்டையாக, காற்றுப் படக் காயட்டும். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் பாரத்தில் கழுத்தும் கையும் நீண்டுவிடும்.

பஞ்சைப் பிரிக்க முடியாத கரடி என்றால், மேற்பரப்பை மட்டும் நுரையால் கழுவலாம். ஷம்பூத் தண்ணீரை அடித்து, நுரையை மட்டும் தூரிகையில் எடுத்து மயிரின் மேலே தடவி, பிழிந்த துணியால் துடைத்து எடுங்கள். உள்ளே கீச்சென்று சத்தமிடும் குப்பியோ பற்றரிப் பெட்டியோ இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.

துணியும் நூலும்

புதியவர்கள் இங்கேதான் பலத்தை நம்பி ஏமாறுவார்கள். "நல்ல உறுதியான நூலாகப் பார்த்து" நைலோனோ பொலியெஸ்டரோ வாங்குவார்கள். நூல் உறுதி, துணி தளர்ச்சி. அடுத்த முறை பிள்ளை இழுக்கும்போது நூல் அறாது. துணியை அறுத்துக்கொண்டு வரும். பழைய துணிக்குப் பருத்தி நூல், அதுவும் மெல்லியது. இழுபட்டால் தையல் பிரியட்டும், துணி தப்பட்டும். தையலைத் திரும்பப் போடலாம்.

ஒட்டுத் துணிக்கும் அதே கணக்கு. புதிய, கஞ்சி போட்ட விறைப்பான துணியை நைந்த துணியோடு சேர்த்தால் ஓரத்தில் புதுக் கிழிசல் விழும். பலமுறை துவைத்து மென்மையான பருத்தி வேண்டும்: பழைய சாரம், பழைய பருத்திச் சேலை, தலையணை உறையின் உட்பக்கம். கைத்தறி நெசவு தெரியவேண்டிய உடுப்புக்கு மருதமுனைத் துணி அருமையாகப் பொருந்தும். அந்த ஊர்ச் சாரத்தின் ஒரு துண்டு வீட்டில் எங்காவது கிடக்கும். நிறம் பொருந்தாவிட்டால் துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அது பெரும்பாலும் ஒரு படி மங்கலாக இருக்கும். பூவேலைத் துணியைத் தேடுவதற்குக் காத்தான்குடி மெயின் வீதித் துணிக்கடைகளில் ஏறி இறங்கலாம். அதைவிடச் சுலபம், தெரிந்த தையற்காரரிடம் வெட்டுத் துணிப் பையைக் கேட்பது.

ஒட்டை மேலே வைக்காதீர்கள், உள்ளே வையுங்கள். பொம்மை வெறுமையாக இருக்கிற நேரத்தில், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலான மெல்லிய துணியை உட்புறமாகப் பிடித்து, கிழிந்த ஓரங்களை அதன்மேல் படுக்கவைத்து, சிறு சிறு தையலாக இறுக்காமல் பதியுங்கள். வெளியே பார்த்தால் பழைய துணி பழைய துணியாகவே தெரியும். கிழிசல் ஓட்டையாகி, இழைகளே போய்விட்டால் இழையோட்ட வேண்டும்: முதலில் ஒரு திசையில் நெருக்கமாக நூல்களை ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றின் மேல் ஒன்றின் கீழாகப் பின்னிக்கொண்டு போவது. மீன் வலை பொத்துகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை.

கழுத்து எப்போதும் தொங்கும். பிள்ளைகள் பொம்மையைக் கழுத்தில்தான் பிடித்துத் தூக்குவார்கள், அதனால் அந்த இடத்துப் பஞ்சு மேலும் கீழுமாக ஒதுங்கிவிடும். எவ்வளவு பஞ்சை அடைத்தாலும் சில வாரத்தில் திரும்பத் தொங்கும். துணியை விரல் தடிப்புக்கு இறுகச் சுருட்டித் தைத்து, தலையின் நடுவிலிருந்து நெஞ்சின் நடுவரை போகும்படி உள்ளே நிறுத்துங்கள். அதைச் சுற்றிப் பஞ்சு அடையுங்கள். குச்சியோ கம்பியோ வேண்டாம், ஒருநாள் வெளியே குத்திக்கொண்டு வரும்.

பஞ்சு அடைத்தல்

பொம்மை திரும்பவும் கழுவப்படும் என்றால் பொலியெஸ்டர் பஞ்சு. அலுமாரியில் இருக்கப்போகிறது, கையில் எடுத்தால் பழைய பாரமும் குழைவும் வேண்டும் என்றால் இலவம்பஞ்சுதான். மெத்தை தைப்பவர்களிடம் கொஞ்சம் கேட்டு வாங்கலாம். அதில் கறுப்பு விதை ஒன்றுகூட இருக்கக்கூடாது; விதையில் எண்ணெய் இருக்கிறது, பூச்சியும் எலியும் அதைத் தேடி வரும். ஒரு பகல் வெயிலில் காயவைத்து, கதவைச் சாத்தி மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள், இல்லாவிட்டால் வீடு முழுக்கப் பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அடுப்பும் விளக்கும் தூரத்தில் இருக்கட்டும், அது சட்டெனத் தீப்பிடிக்கும்.

விரல் நுனிகளிலிருந்தே தொடங்க வேண்டும்: கை, கால், தலை, கடைசியாக வயிறு. உருட்டிப் போடாமல், பிய்த்துப் பிய்த்துச் சிறு துணுக்குகளாக விடுங்கள்; உருண்டையாகப் போட்டால் வெளியே முடிச்சு முடிச்சாகத் தெரியும். தள்ளுவதற்குப் பென்சிலின் பின்பக்கம் போதும். இலவம்பஞ்சு நாளாக நாளாக அமுங்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே அடையுங்கள். பழைய பஞ்சில் சுத்தமாக இருக்கிற ஒரு பிடியை நெஞ்சுப் பக்கம் திரும்ப வைத்துவிடுங்கள். வேலைக்கு அது தேவையில்லை. கேட்டதும் உரியவரின் முகம் மாறுவதற்காக அதைச் செய்கிறேன், அவ்வளவுதான்.

மூடும் தையல் இப்படி: இரு ஓரங்களையும் உட்பக்கம் மடித்துக்கொள்ளுங்கள். ஊசியை ஒரு ஓரத்தின் மடிப்புக்குள்ளிருந்து வெளியே எடுத்து, நேர் எதிரே மற்ற ஓரத்தின் மடிப்புக்குள் நுழைத்து, மடிப்பின் உள்ளாகவே அரை விரல்கடை தூரம் ஓட்டி வெளியே எடுங்கள். திரும்ப எதிரே. நாலைந்து தடவை போனதும் நூலைத் தையல் போகிற திசையில் மெதுவாக இழுத்தால் இரண்டு ஓரமும் சேர்ந்து நூல் மறைந்துவிடும். முடிச்சைப் போட்டு, ஊசியைப் பொம்மையின் உடலுக்குள் ஒரு விரல் நீளம் செலுத்தி வெளியே எடுத்து, நூலை இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டினால் நுனி உள்ளே போய்விடும்.

முகம்

முகத்தில் குறைவாகச் செய்யுங்கள். நூல் போன இடத்தில் பழைய ஊசித் துளைகள் தெரியும்; அந்தத் துளைகளிலேயே புது நூலை ஓட்டினால் பழைய கண்ணே திரும்ப வரும். துளை தெரியவில்லை என்றால் நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்து, மெல்லிய தாளில் கோடு வரைந்து, அதை முகத்தில் குத்திவைத்து அதன் மேலாகத் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுங்கள். நூலின் நிறம் பளிச்சென்று இருந்தால் சில நாள் வெயிலில் போட்டு வாட்டலாம்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் போகிற பொம்மையில் பொத்தான் கண், மணி, உடைகிற எதுவும் இருக்கக்கூடாது. கழன்றால் தொண்டையில் சிக்கும். பழைய பொத்தான் கண்ணைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, அதே இடத்தில் அதே அளவில் நூலால் தையுங்கள்.

பிளாஸ்டிக் பொம்மை

கண் மூடித் திறக்கிற தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தாதீர்கள். கண்ணுக்குப் பின்னால் பாரமும் கம்பியும் உண்டு. துருப்பிடித்தால் கண் பாதியில் நின்றுவிடும், இமை மயிரும் உதிரும். முகத்தைப் பிழிந்த துணியாலும், மூக்கோரத்தைக் காது குடைகிற பஞ்சுக் குச்சியாலும் துடையுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவத்தைக் கொண்டு வராதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் கடினப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், முகத்தின் நிறத்தையும் துடைத்துக்கொண்டு போகும்.

பேனாக் கோடு எல்லாப் பொம்மையிலும் இருக்கும். வைனிலில் என்றால் பாமசியில் முகப்பருவுக்கு விற்கிற பென்சாயில் பெரொக்சைட் கிறீமைக் கோட்டின் மேல் மட்டும் மெல்லியதாகப் பூசி, மேலே மெல்லிய பொலித்தீனால் மூடி, வெயிலில் வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, துடைத்து, தேவையென்றால் திரும்பப் பூசுங்கள். அது வெளுக்கிற மருந்து. அளவு மீறினால் கோட்டோடு தோலின் நிறமும் போய் வெள்ளைப் புள்ளி நிற்கும். முதலில் உடுப்பு மறைக்கிற இடத்தில் சோதித்துப் பாருங்கள். நிறம் தீட்டிய இடத்திலும் முடியிலும் படக்கூடாது, உங்கள் உடுப்பிலும்.

முடிக்கு அவசரம் கூடாது. நுனியிலிருந்து தொடங்கி, அகலப் பல் சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். துணிக்குப் போடுகிற மென்மையாக்கியைத் தண்ணீரில் கலந்து தடவினால் சிக்கு எளிதில் விடும். தலையைக் கவிழ்த்துப் பிடித்து முடியை மட்டும் நனையுங்கள்.

வைனில் கை, கால் கழன்று வந்தால், இணைகிற விளிம்பைச் சுடுதண்ணீரில் சில நிமிடம் வைத்தால் மென்மையாகும். அந்தச் சூட்டோடு அழுத்தித் திருப்பி உள்ளே விடலாம். சுப்பர் குளூ வேண்டாம். அது வைனிலில் வெள்ளையாகப் பூத்து, விறைத்து, பக்கத்தில் புதிதாக வெடிக்கும். பிறகு யாராலும் கழற்ற முடியாது.

கடினப் பிளாஸ்டிக் பொம்மையில் கைகால் உள்ளே இலாஸ்டிக்கில் தொங்கும். பல வருடத்தில் இறப்பர் செத்துவிடுவதால் எல்லாம் ஒரேநாளில் கழன்று விழும். பயப்படாதீர்கள், திருத்துவதற்கு மிகச் சுலபமான பழுது இதுதான். தையல் சாமான் கடையில் சுமார் 3 மில்லிமீற்றர் தடிப்பில் உருண்டை இலாஸ்டிக் வாங்குங்கள். உடுப்புக் கொழுவியின் கம்பியை நிமிர்த்தி நுனியில் சிறு கொக்கி வளைத்தால் கருவி தயார். ஒரு வளையம் இரு கைகளையும் உடலுக்குக் குறுக்கே இணைக்கும். இன்னொரு வளையம் இரு கால்களின் கொக்கியிலிருந்து கழுத்துத் துவாரம் வழியாகத் தலையின் கொக்கிக்குப் போகும். தலையைக் கடைசியாக மாட்டுங்கள். கையை உயர்த்தினால் உயர்ந்தபடி நிற்க வேண்டும், அவ்வளவு இறுக்கம் போதும். அதற்கு மேல் இறுக்கினால் கழுத்து விளிம்பு வெடிக்கும். கண்ணை இந்த வேலையின்போது ஒரு துணியால் மூடிக்கொள்ளச் சொல்லமாட்டேன், ஆனால் முகத்தைப் பொம்மைக்கு மேலே குனிந்து வைக்காதீர்கள். கொக்கி வழுக்கினால் நேரே வந்து அடிக்கும்.

பாட்டுப் பாடுகிற பொம்மையில் பற்றரிப் பெட்டியைத் திறந்தால் வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு பழைய பற்றரியை எடுத்து, பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் தகட்டைத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீர் தொட்ட குச்சியால் துடைத்து, காயவிடுங்கள். பாட்டு வரலாம், வராமலும் போகலாம். திரும்பப் பாடினாலும், பெட்டியில் வைக்கும்போது பற்றரியைக் கழற்றிவிடுங்கள்.

வைக்கும் முறை

பொலித்தீன் பையில் கட்டி வைப்பது நம்மூர்ப் பழக்கம். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்க அதைவிட நல்ல இடமில்லை. துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, அலுமாரியின் நடுத் தட்டில் வையுங்கள். அடித்தட்டு மாரியில் தரையின் ஈரத்தை வாங்கும். வெளிச்சுவரோடு ஒட்டி வைக்கவும் வேண்டாம். பூச்சிக்குப் போடுகிற நப்தலீன் உருண்டை சில பிளாஸ்டிக்குகளை இளக்கி ஒட்ட வைக்கும். பிளாஸ்டிக் பொம்மை இருக்கிற தட்டில் அதைப் போடாதீர்கள். காய்ந்த வேப்பிலை போடுகிறவர்கள், கறை படாமல் தனித் துணிப் பையில் கட்டிப் போடட்டும்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து, சுற்றிய துணியை மாற்றி, தையல் ஓரங்களையும் கால் பாதத்தையும் பாருங்கள். தூள் ஏதும் விழுந்திருந்தால் உறைபெட்டிக்குத் திரும்பவும் வேலை உண்டு. பொம்மை வேறொருவருடையது என்றால், கழற்றியவை எல்லாம் போட்டு வைத்த அந்தத் துணிப் பையையும், நீங்கள் பாவித்த நூலில் ஒரு முழத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்ததாகத் திருத்துகிறவர் நிறம் தேடி அலைய வேண்டியதில்லை.